மாத்திரை இலவசம், வேலைக்குத் துணை யார்?

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருந்து குணமாகி வீடு திரும்புகிறவர்கள் படும் பாடு!

"என்னப்பா, கீழ்ப்பாக்கம் கேஸா?"

சென்னையில் பஸ்ஸிலும் டீக்கடையிலும் தினமும் காதில் விழும் கேலி இது. சொல்கிறவர் சிரித்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறார். அதே பஸ்ஸில், மடியில் ஆஸ்பத்திரி நோட்டை வைத்துக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருப்பார். மேடவாக்கம் டேங்க் ரோட்டில் இறங்கி, மகனுக்கு மாத்திரை வாங்கப் போகிறவர். கேலி அவர் காதிலும் விழும். ஒன்றும் சொல்லமாட்டார்.

அவர் மனசில் இருப்பது ஒரே ஒரு கேள்வி:-

"மாத்திரை சாப்பிட்டு பையன் நல்லா ஆயிட்டான். இனிமே அவனுக்கு யார் வேலை குடுப்பாங்க?"

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் வேடிக்கையாக இருக்கிறது. சட்டம் இருக்கிறது. திட்டம் இருக்கிறது. பணமும் ஓரளவு இருக்கிறது. ஆனால் நடுவில் நிற்க வேண்டிய ஒரு ஆள் இல்லை!

அதன் விவரம் வருமாறு:-

230 வருட ஆஸ்பத்திரி

கீழ்ப்பாக்கம் அரசு மனநல காப்பகத்தின் கதை 1794-ல் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலம். டாக்டர் வாலண்டைன் கொனோலி என்ற வெள்ளைக்காரர் புரசைவாக்கத்தில் 16 பேருடன் ஆரம்பித்தார். 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது.

அந்தக் காலத்தில் உள்ளே போனவர் வெளியே வருவது அபூர்வம். 1952-ல் பிரான்ஸ் நாட்டில் "குளோர்புரோமசின்" என்ற மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன்பிறகு உலகம் முழுவதும் நிலைமை மாறியது. காதில் குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று தவித்தவர்கள் தெளிந்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை வந்தது.

வீட்டுக்குப் போய் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைச் சென்னையில் முதலிலேயே கேட்டவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு சூப்பிரண்டாக இருந்தார். "நோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, கைக்கு வேலையும் வேண்டும்" என்பது அவர் வழி. அவர் காலத்தில் ஆஸ்பத்திரிக்குள் தொழில் சிகிச்சைப் பிரிவு வளர்ந்தது. நோயாளிகள் நெசவு நெய்தார்கள். ரொட்டி சுட்டார்கள்.

1984-ல் அவர் "ஸ்கார்ஃப்" என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021 டிசம்பரில் 98-வது வயதில் காலமானார்.

அவர் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது.

ஒரு வீடு, ஒரு வாலிபர்

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பேரும் தெருவும் வேண்டாம். சென்னையில் இப்படி எத்தனையோ வீடுகள்.

26 வயது வாலிபர். பி.காம். படித்தவர். கணக்கில் கெட்டி. திடீரென்று ஒருநாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டார்கள் என்றார். முதலில் மந்திரித்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மனச்சிதைவு நோய் என்று டாக்டர் சொன்னார்.

வைத்தியம் நடந்தது. மாத்திரை இலவசம். குரல் நின்றது. தூக்கம் வந்தது. பேச்சு தெளிந்தது.

தாயார் தெருமுனை மளிகைக் கடைக்குப் போகிறார்.

"அண்ணாச்சி, பையன் இப்ப நல்லா இருக்கான். சரக்கு வரவு, கடன் பாக்கி எல்லாம் சுத்தமா எழுதுவான். ஒரு வேலை போட்டுக் குடுங்க."

அண்ணாச்சி கெட்டவர் அல்ல. அந்தப் பையனுக்குச் சின்ன வயசில் மிட்டாய் கொடுத்தவர்தான். கல்லாவைப் பார்க்கிறார். வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கிறார்.

"இல்லம்மா... நாலு பேர் வந்து போற இடம். திடீர்னு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்கிட்ட போயி நிக்கிறது?"

அண்ணாச்சியின் இந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முழு விவகாரமும் இதில்தான் இருக்கிறது.

20-க்கு 7 மார்க்!

கடையில் வேலை இல்லை. சரி, அரசாங்க உதவி கேட்போம் என்று குடும்பம் கிளம்புகிறது. அதற்கு முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும்.

கை கால் ஊனம் என்றால் கண்ணுக்குத் தெரியும். மனசை எதை வைத்து அளப்பது? இதற்கு "ஐடியாஸ்" என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. இந்திய டாக்டர்களே வகுத்தது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளிலும் இதுதான்.

தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்று 4 தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கும் 4 வரை மார்க். மொத்தம் 20. இதில் 7 வந்தால் 40 சதவீதம் என்று கணக்கு. சலுகைகளுக்கு 40 சதவீதமாவது வேண்டும்.

பள்ளிக்கூட மார்க்குக்கு இது நேர் எதிர். எவ்வளவு முடியவில்லையோ அவ்வளவு மார்க்!

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, கஷ்டப்பட்டு வேலைக்கும் போகிறவருக்கு வேலைத் தலைப்பில் மார்க் குறைகிறது. சான்றிதழ் கைவிட்டுப் போகலாம். வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே சுருண்டு கிடப்பவருக்கு மார்க் கூடுகிறது.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாத ஓய்வூதியம் 1,000 ரூபாயாக இருந்தது. 2023 ஜனவரியில் 1,500 ரூபாய் ஆனது. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. "வேலைக்குப் போனா இதுவும் போயிடுமோ?" என்று ஒரு தாய் பயந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

100 வேலையில் 1; அதற்கு 5 வரிசை

அடுத்தது அரசாங்க உத்தியோகம்.

1995-ல் வந்த பழைய சட்டம் மனநோயை ஊனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் வேலை ஒதுக்கீட்டில் இடம் தரவில்லை. 3 சதவீதமும் பார்வை, செவித்திறன், கை கால் குறை உள்ளவர்களுக்கே போயிற்று.

2016-ல் புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தது. 2017 ஏப்ரல் 19-ல் அமலானது. ஒதுக்கீடு 4 சதவீதம் ஆயிற்று. மனநோய் கண்டவர்களுக்கும் முதல் முறையாக வாசல் திறந்தது.

வாசல் திறந்தது, ஆனால் குறுகல்.

அந்த ஒரு சதவீதத்தில் ஆட்டிசம் உள்ளவர்கள், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், கற்றல் குறைபாடு உள்ளவர்கள், மனநோய் கண்டவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்கள் என 5 வரிசைகள் நிற்கின்றன. அதிலும் எந்த வேலைக்கு யார் ஏற்றவர் என்று கமிட்டி பார்த்துப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத வேலைக்கு ஒதுக்கீடு கிடையாது.

நம் பி.காம். வாலிபர் இந்த வரிசையில் எத்தனை வருடம் நிற்பது?

குமாஸ்தாக்கள் கவனிக்க!

ஏற்கனவே அரசாங்க வேலையில் இருப்பவருக்கு மனநோய் வந்தால்?

இதில் சட்டம் பலமாக இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. சர்வீசில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக்கூடாது. பதவியையும் இறக்கக்கூடாது என்கிறது 2016 சட்டத்தின் 20-வது பிரிவு. பார்த்த வேலை முடியவில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும். இடம் காலி இல்லை என்றால் புதிதாக ஒரு இடத்தையே உண்டாக்கி வைத்திருக்க வேண்டும். சில இலாகாக்களுக்கு மட்டும் அரசு விலக்கு அளிக்கலாம்.

சுப்ரீம் கோர்ட்டு 2021 டிசம்பர் 17-ல் ஒரு முக்கியமான தீர்ப்பு கூறியது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மனநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். அவர் மீது இலாகா நடவடிக்கை எடுத்தார்கள். நடத்தைக்கு மனநோயும் ஒரு காரணமாக இருக்கும்போது அதற்காக நடவடிக்கை எடுப்பது பாரபட்சம் என்று நீதிபதிகள் கூறினார்கள்.

ஆக, உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. வெளியே நிற்பவருக்குத்தான் கதவு.

முதலாளிக்கு என்ன கிடைக்கும்?

தனியார் முதலாளிகளுக்குச் சலுகை கொடுத்தால் வேலை தருவார்கள் என்று மத்திய அரசு 2008-ல் ஒரு திட்டம் போட்டது. மாதம் 25 ஆயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்கும் மாற்றுத்திறனாளிக்கு, முதலாளி கட்ட வேண்டிய பி.எப்., ஈ.எஸ்.ஐ. பணத்தை முதல் 3 வருடம் அரசே கட்டும் என்றார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பி.எப். சட்டம் பொதுவாக 20 பேராவது வேலை செய்யும் இடத்துக்கு. ஈ.எஸ்.ஐ. பொதுவாக 10 பேர் உள்ள இடத்துக்கு. அண்ணாச்சி கடையில் மொத்தமே 4 பேர்! அவருக்கு இந்தச் சலுகையில் ஒரு பைசா லாபம் இல்லை.

2016 சட்டத்தின் 35-வது பிரிவும் தனியார் முதலாளிகளைப் பற்றிப் பேசுகிறது. தொழிலாளர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு ஊக்கத்தொகை தரவேண்டும் என்கிறது. ஆனால் கூடவே ஒரு வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "பொருளாதார சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு" என்பதே அது.

அதாவது, கையில் காசு இருந்தால் தருவோம்!

பயிற்சி உண்டு, பிறகு?

பயிற்சிக்கும் பணம் இல்லாமல் இல்லை. 2015 மார்ச்சில் மத்திய அரசு மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. குணமானவர்கள் தங்கிப் பழகும் இடைக்கால இல்லங்களை நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கு, தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தில் மானியம் உண்டு.

பயிற்சி முடிகிறது. சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுக்கிறார்கள். மறுநாள் காலையில் அந்த வாலிபர் மறுபடியும் வீட்டுத் திண்ணையில்!

மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியது. அதன் குழுவில் மனநல டாக்டர் உண்டு. மனோதத்துவ நிபுணர் உண்டு. சமூகப் பணியாளர் உண்டு. நர்ஸ் உண்டு. வேலை தேடித் தருகிறவர் என்று ஒரு பதவி கிடையாது.

சில தொண்டு நிறுவனங்கள் இந்த வேலையைத் தாங்களாக இழுத்துப்போட்டுச் செய்கின்றன. நன்கொடை வரும் வரை நடக்கும். நின்றால் நிற்கும்.

லண்டனில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் ராபர்ட் டிரேக் என்ற டாக்டரும் டெபோரா பெக்கர் என்ற பெண்மணியும் 1990-களில் ஒரு புதிய முறையை வகுத்தார்கள். அது பழைய முறையைத் தலைகீழாக்கியது.

பழைய முறையில் முதலில் பயிற்சி, பிறகு வேலை. புதிய முறையில் முதலில் வேலை, பிறகு வேலையிலேயே பயிற்சி!

இதற்கென்று ஒரு ஆள் இருப்பார். மனநல டாக்டரின் குழுவிலேயே அவரும் ஒருவர். நோயாளிக்கு எந்த வேலையில் ஆசை என்று கேட்பார். அவரே கடை கடையாக, ஆபீஸ் ஆபீசாக ஏறி முதலாளிகளிடம் பேசுவார். வேலை கிடைத்ததும் போய்விடமாட்டார். கூடவே இருப்பார். ஒருவருக்கு 20 பேருக்கு மேல் பொறுப்பு கொடுக்கக்கூடாது என்பது விதி.

இது பலிக்குமா என்று ஐரோப்பாவில் 6 ஊர்களில் சோதித்தார்கள். லண்டன், சூரிச், சோபியா எல்லாம் அதில் உண்டு. கடுமையான மனநோய் கண்ட 312 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பழைய பயிற்சி முறை. மற்றதற்குப் புதிய முறை. 2007-ல் முடிவு வெளியானது.

புதிய முறையில் 100-க்கு 55 பேர் ஒரு நாளாவது வெளி வேலைக்குப் போனார்கள். பழைய முறையில் 28 பேர்தான்.

எல்லோருக்கும் கிடைத்துவிட்டதா? இல்லை. 45 பேருக்கு இதிலும் கிடைக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது சின்ன விஷயமா?

இங்கிலாந்து அரசாங்கம் இதை அரசு வைத்தியத்தோடு சேர்த்துவிட்டது. 2023-24-க்குள் வருடத்துக்கு 55 ஆயிரம் பேருக்கு இந்த உதவி தருவது என்று 2019-ல் இலக்கு வைத்தது. ஊசி மருந்துக்குச் செலவு செய்வதுபோல இதற்கும் ஆஸ்பத்திரிப் பணம்தான்.

கணக்குப் போட்டால்...

நம் ஊருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அப்படி ஒரு ஆளுக்கு மாதம் 25 ஆயிரம் ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அவர் பொறுப்பில் 20 பேர். வகுத்தால் ஒருவருக்கு மாதம் 1,250 ரூபாய். பஸ் செலவு, போன் செலவு சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

அந்த 1,500 ரூபாய் ஓய்வூதியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவரை வீட்டில் வைத்திருக்க ஆகும் செலவும், அவரை வேலையில் நிறுத்த ஆகும் செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்!

ஓய்வூதியத்தைப் பிடுங்கி இதற்குக் கொடுக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அது பெரிய அநியாயம். வேலையில் காலூன்றும் வரை இரண்டும் வேண்டும். நோய் திரும்பி வந்து வேலை போனால், ஓய்வூதியம் உடனே கைக்கு வரும் என்ற தைரியமும் வேண்டும். அந்தத் தைரியம் இருந்தால்தான் தாய் பையனை வெளியே அனுப்புவார்.

பணத்துக்கு எங்கே போவது? தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் வாழ்வுக்காக "உரிமைகள்" திட்டத்துக்கு உலக வங்கி 2022-ல் 16 கோடியே 20 லட்சம் டாலர் கடன் தர ஒப்புதல் அளித்தது. பணம் வரும் வழி அடைபடவில்லை. பட்டியலில் இந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்.

அண்ணாச்சிக்குப் பதில்

இப்போது மளிகைக் கடைக்குத் திரும்பி வருவோம்.

"திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா நான் யார்கிட்ட போயி நிக்கிறது?" என்று அண்ணாச்சி கேட்டாரே!

அந்த ஆள் மட்டும் இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

"என் நம்பரை வெச்சுக்கோங்க அண்ணாச்சி. ராத்திரி மாத்திரையால காலையில கொஞ்சம் அசதியா இருக்கும். ஏழு மணிக்கு வேணாம், பத்து மணிக்கு வரட்டும். மாசத்துல ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகணும், அன்னைக்கு லீவு. கவுண்டர்ல நிக்க வேணாம், உள்ள உட்கார்ந்து கணக்கு எழுதட்டும். தூக்கம் கெட்டுப்போச்சு, தனியா முணுமுணுக்கிறான்னு தெரிஞ்சா எனக்கு ஒரு போன் அடிங்க. நான் வர்றேன்."

இதில் அண்ணாச்சிக்கு என்ன செலவு? ஒரு பைசா இல்லை. அவருக்குத் தேவை பணம் அல்ல. ஒரு போன் நம்பர். எடுத்துப் பேசுகிற ஒரு மனுஷர்.

அந்த மனுஷருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் அரசாங்கப் பணம் வேண்டும்.

வீட்டில் யாருக்காவது இந்தக் கஷ்டம் இருந்தால் "டெலி மானஸ்" இலவச போன் 14416-ல் பேசலாம். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய அரசு சேவை இது. தமிழிலேயே பேசலாம். சான்றிதழுக்கு மனநலப் பிரிவு உள்ள அரசு ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம்.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் அடுத்த மாதமும் அதே பஸ்ஸில் வருவார். மாத்திரை கிடைக்கும். வாங்கிக்கொண்டு திரும்பும்போது தெருமுனைக் கடையை ஒருமுறை பார்ப்பார்.

கல்லாவுக்குப் பின்னால் கணக்கு நோட்டு இருக்கிறது. எழுத ஆள் இல்லை என்று அண்ணாச்சியும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.